பழைய கப்பலும் ஓர் ஓடாவியும்

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு செய்தியை வாசித்தேன். ரொட்டர்டாம் துறைமுகத்தில் நாலரை வருடங்களாகக் கட்டிக் கிடந்த ஒரு பழைய பயணிகள் கப்பல், உடைப்பதற்காகப் பெல்ஜியத்தின் கெண்ட் நகருக்கு இழுத்துச் செல்லப்பட்டிருந்தது. 'அஸ்டோரியா' என்பது அதன் கடைசிப் பெயர். முதற் பெயர் 'ஸ்டொக்ஹோம்'. 1948 இல் முதற் பயணம் போன கப்பல். ஏலத்தில் அது போன விலை இரண்டு இலட்சம் யூரோ. கொழும்பில் ஒரு நடுத்தரமான மாடிக் குடியிருப்பை வாங்குவதற்குத் தேவைப்படும் பணம் ஏறத்தாழ அவ்வளவுதான்.

அந்தக் கப்பலில் நான் ஒருபோதும் கால் வைத்ததில்லை. ஆயினும் செய்தியை வாசித்து முடித்தபோது எனக்குத் துக்கமாக இருந்தது. துக்கம் வந்த அதே கணத்தில், இந்தத் துக்கத்துக்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றொரு கேள்வியும் வந்தது. பழைய பொருளொன்றின் மீது நாம் கொள்ளும் பிரியம் நல்லதொரு குணமா? அல்லது வசதியாக இருப்பவனின் விளையாட்டா? இந்தக் கேள்வி எனக்குப் புதியதல்ல. பதினான்கு வருடங்களுக்கு முன்னர் என் தங்கை கேட்ட கேள்விதான் அது. அன்று நான் பதில் சொல்லவில்லை. அதை இங்கு எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நான் போன கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2018 இல் இங்கிலாந்திலிருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தேன். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற வாப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்த மகள், நோர்வேயின் மேற்குக் கரைக்கு ஏழு நாள் கப்பற் பிரயாணம் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தாள். "பெரிய கப்பலுக்குக் காசு காணாது வாப்பா. இது கொஞ்சம் பழசு, சின்னது" என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். கப்பலின் பெயர் இங்கு அவசியமில்லை. கட்டப்பட்டு ஐம்பது வருடங்களை நெருங்கியிருந்த, ஐந்நூறு பேரளவில் ஏறக்கூடிய கப்பல் அது.

துறைமுகத்தில் அது நின்ற தோற்றமே என்னைப் பிடித்துக்கொண்டது. இன்றைய உல்லாசக் கப்பல்கள் கடலில் மிதக்கும் மாடிக் கட்டிடங்கள். பக்கவாட்டில் பார்த்தால் தீப்பெட்டியை அடுக்கியது போலிருக்கும். இது அப்படியில்லை. முன்னும் பின்னும் மெல்ல உயர்ந்து நடுவில் தாழ்ந்த ஒரு வளைவு அதன் தளங்களில் இருந்தது. அந்த வளைவு அழகுக்காக வைத்ததல்ல. அலை ஏறி வரும்போது முன்பக்கம் தண்ணீரை அள்ளாமலிருக்க அக்காலத்துக் கப்பல் கட்டுவோர் வைத்தது. எங்கள் கரையின் தோணிகளிலும் அதே வளைவு இருக்கிறது. தேவை என்பது நெடுங்காலம் ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தால், அதன் கைக்கு ஓர் அழகு வந்துவிடுகிறது போலும்.

உள்ளே நடைபாதைகள் ஒடுக்கமானவை. எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் ஏதாவது சொல்ல வேண்டும். வெளித்தளத்துக்குப் போகும் வாசற்படிகள் உயரமானவை; காலைத் தூக்கி வைக்காதவன் விழுவான். எங்கள் கெபினுக்கு வட்டமான கண்ணாடி யன்னல். அதன் பித்தளை விளிம்பில் பல தடவை பூசப்பட்ட வெள்ளைப் பூச்சு தடித்துப் போயிருந்தது. இரவில் கப்பல் ஒரு பக்கம் சரியும்போது எங்கிருந்தோ மரம் முனகும். மறுபக்கம் சரியும்போது அந்த முனகல் பதிலாக இன்னோர் இடத்திலிருந்து வரும். முதல் இரவு தூங்கவில்லை. மூன்றாம் இரவு அந்தச் சத்தம் இல்லாமல் தூங்க முடியாது போலிருந்தது.

அதன் மேல்தளத்தைச் சுற்றி மரப்பலகை பாவிய நடைபாதை ஒன்று ஓடியது. பலகைகளுக்கிடையில் தாரைக் காய்ச்சி ஊற்றியிருந்தார்கள். அதில் நின்றால் கடல் கிட்ட இருக்கும். பெரிய கப்பல்களில் கடலைப் பார்க்கலாம். இதில் கடலின் சாரல் கண்ணாடியில் படும். 2024 ஜனவரியில் தன் முதற் பயணத்தைத் தொடங்கிய 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்ற கப்பல் 365 மீற்றர் நீளமானது. ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. உள்ளே பூங்கா இருக்கிறது, நீர்ச்சறுக்கல் இருக்கிறது, தெருவும் கடைகளும் இருக்கின்றன. கடலில் இருக்கிறோம் என்பதை மனிதன் மறந்துவிட வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடுகள் இவை. சின்னக் கப்பல் அதை மறக்க விடுவதில்லை. வயிற்றைப் பிரட்டியாவது ஞாபகப்படுத்தும்.

இரண்டாம் நாள் காலையில் சாப்பாட்டு மண்டபத்துச் சேவகர், நான் இறைச்சி எடுப்பதில்லை, மீன்தான் எடுப்பேன் என்பதை நான் சொல்லாமலே ஞாபகம் வைத்திருந்தார். கோவாவைச் சேர்ந்தவர். மூன்றாம் நாள் அவருடைய மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். ஐந்நூறு பேர் என்பது ஒரு சின்ன ஊர். அங்கு யாரும் யாரையும் முழுமையாக அந்நியனாக நடத்த முடியாது. சண்டை போட்டவனை மறுநாள் படிக்கட்டில் காண வேண்டும். சிறிய கப்பலின் வசீகரம் என்று பலரும் சொல்வது இதைத்தான் என்று அப்போது முடிவு செய்தேன். அளவு சிறிதாக இருக்கும்போது மனிதர்களுக்கு முகம் இருக்கிறது. முகம் இருக்கும்போது பொறுப்பும் இருக்கிறது.

இந்த முடிவு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அது முழு உண்மையல்ல என்பதற்கு என் சொந்த அனுபவமே சாட்சியாக இருந்தது.

நான் ஏறிய முதற் கப்பல் 'இராமானுஜம்'. எழுபதுகளின் பிற்பகுதியில், தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வாப்பாவோடு போனேன். அதுவும் சின்னக் கப்பல்தான். அதிலும் முகங்கள் இருந்தன. இடித்துக்கொண்டும் மிதித்துக்கொண்டும் இருந்தன. மூட்டைகள், சவர்க்காரப் பெட்டிகள், அழுகின்ற குழந்தைகள், வெற்றிலை மணம், வாந்தியின் மணம். சுங்கத்தில் என்ன சொல்வது என்ற கவலை எல்லாருடைய முகத்திலும் எழுதியிருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதியில் யுத்தத்தோடு அந்தப் போக்குவரத்து நின்றுபோனது. நின்ற பிறகு எத்தனை பேர் அதைப் பற்றி உருகி உருகி எழுதினார்கள்! நானும் எழுதினேன். ஆனால் அதில் போன அன்று, யாராவது ஒருவர் அதன் வசீகரத்தைப் பற்றிக் கதைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. வாப்பா சொன்ன ஒரே வார்த்தை, "எப்ப மகன் கரை வரும்?" என்பதுதான்.

ஆகவே, சிறிதாகவும் பழையதாகவும் இருப்பது மட்டும் ஒரு கப்பலை வசீகரமாக்கிவிடாது. அது நமக்குத் தேவையில்லாததாக ஆகவேண்டும். அதை விட்டால் வேறு வழியில்லை என்ற நிலையில் ஏறுகிறவனுக்கு அது வாகனம். வேறு வழி இருந்தும் ஏறுகிறவனுக்கு அது அழகு. மண்ணெண்ணெய் விளக்கு, கைத்தறி, மாட்டு வண்டி எல்லாவற்றுக்கும் இதே கணக்குத்தான். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்ட பிறகு, என்னுடைய பிரியத்தைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினேன்.

கப்பலில் ஒரு சிறிய வாசிகசாலை இருந்தது. அங்கேதான் 'ஸ்டொக்ஹோம்' கப்பலின் கதையை முதன்முதலில் முழுமையாக வாசித்தேன்.

சுவீடனின் கோதன்பர்க் நகரில் கட்டப்பட்ட கப்பல் அது. 160 மீற்றர் நீளம். 1956 ஜூலை 25 ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் நாந்துக்கெட் தீவுக்கு அப்பால், பனிமூட்டத்துக்குள், அது இத்தாலியின் பெருமையாகக் கருதப்பட்ட 'அண்ட்ரியா டோரியா' என்ற கப்பலின் விலாவில் மோதியது. வடகடற் பனிக்கட்டிகளுக்காக உறுதியாக்கப்பட்ட அதன் முன்பக்கம் மற்றக் கப்பலைக் கிழித்தது. மறுநாள் காலை 'அண்ட்ரியா டோரியா' மூழ்கியது. இரு கப்பல்களிலுமாக 51 பேர் இறந்தார்கள். மூக்கு நசுங்கிய 'ஸ்டொக்ஹோம்' மூழ்கவில்லை. தான் மோதிய கப்பலிலிருந்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தானே ஏற்றிக்கொண்டு நியூயோர்க் போய்ச் சேர்ந்தது. இரு கம்பனிகளும் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் செய்துகொண்டன; யார் குற்றவாளி என்ற தீர்ப்பு எழுதப்படவே இல்லை.

1960 இல் கிழக்கு ஜேர்மனி அதை வாங்கியது. 'மக்களின் நட்புறவு' என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்து, தொழிலாளர்களுக்கான விடுமுறைக் கப்பலாக ஓட்டியது. நட்புறவு என்று பெயர் வைத்த கப்பலிலிருந்தே சிலர் கடலில் குதித்து மேற்குலகுக்குத் தப்பினார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில் ஒஸ்லோ துறைமுகத்தில் அது கட்டப்பட்டு, அகதிகளின் தங்குமிடமாக இருந்தது. அப்போது அதன் பெயர் 'பிரிட்ஜொஃப் நான்சன்'. அகதிகளுக்கான பணிக்காக 1922 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவரின் பெயர். அதன்பின் இத்தாலியர் வாங்கினார்கள். ஜெனோவாவுக்குக் கொண்டுபோனார்கள். ஜெனோவாதான் 'அண்ட்ரியா டோரியா'வின் சொந்தத் துறைமுகம். மரணக் கப்பல் வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஆனால் அந்நகரத்திலேயே அதன் மேற்கட்டுமானம் கழற்றப்பட்டு, புதிய இயந்திரங்கள் பூட்டப்பட்டு, 1994 இல் 'இத்தாலியா பிரீமா' என்ற பெயரோடு அது மீண்டும் கடலுக்குப் போனது. பழையதில் மிஞ்சியது உடற்கூடு மாத்திரம். அதற்குப் பிறகும் நாலைந்து பெயர்கள்.

இந்த இடத்தில் தத்துவம் படித்தவர்கள் கிரேக்கக் கதையொன்றை ஞாபகப்படுத்துவார்கள். தீசியஸ் என்பவனின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் நெடுங்காலம் பாதுகாத்தார்கள். உக்கிய பலகையைக் கழற்றிப் புதிய பலகையை வைத்தார்கள். எல்லாப் பலகைகளும் மாறிவிட்ட பிறகு அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று தத்துவஞானிகள் தர்க்கித்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தோமஸ் ஹொப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார். கழற்றிய பழைய பலகைகளை யாராவது சேர்த்து வைத்து மீண்டும் ஒரு கப்பலைக் கட்டினால், இரண்டில் எது உண்மையான கப்பல்?

மாணவர்களுக்கு இந்தக் கதையை நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவர்கள் உற்சாகமாக வாதிடுவார்கள். அன்று அந்த வாசிகசாலையில் இருந்தபோது, இரண்டாயிரம் வருடத்து இந்த வாதத்தில் ஒருவர் விடுபட்டுப் போயிருப்பது முதன்முதலாக எனக்குப் பட்டது. பலகையைப் பற்றிக் கதைத்தார்கள். கப்பலைப் பற்றிக் கதைத்தார்கள். தீசியஸின் பெயர் நிலைத்தது. அந்தப் பலகையை மாற்றிய ஓடாவியின் பெயர் என்ன? அவனிடம் யாராவது கேட்டார்களா, இது அதே கப்பலா என்று? அவன் கையில் கிடந்த உக்கின பலகைக்கு ஒரு பதில் தெரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் தோணி கட்டுகிறவனையும் வீட்டுக்கு முகடு போடுகிறவனையும் 'ஓடாவி' என்றே சொல்கிறோம். இரண்டும் ஒரே வேலை என்பது அந்தச் சொல்லுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் பயணித்த கப்பலின் ஓடாவியை மறுநாள் காலை சந்தித்தேன்.

கெய்ராங்கர் என்ற கடற்கழிக்குள் கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. இருபுறமும் செங்குத்தான மலைகள். மலையின் நெற்றியிலிருந்து விழும் அருவிகள். பயணிகளெல்லாம் வலப்பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடப்பக்கத்தில், யாரும் பார்க்காத மூலையில், ஒரு கடலோடி குந்தியிருந்து இரும்புத் தூணொன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் சின்னச் சுத்தியல், மறு கையில் தட்டையான உளி. கறள் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இந்தோனேசியர். நான் அணிந்திருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு ஸலாம் சொன்னார். எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலத்தில் கதைத்தோம்.

"அழகான கப்பல்" என்றேன்.

அவர் சிரித்தார். "நாங்கள் இதற்குத் தினமும் சுரண்டிப் பூச்சுப் பூசுகிறோம். முன்னாலிருந்து தொடங்கிப் பின்னால் போய்ச் சேரும்போது, முன்னால் மறுபடி கறள் பிடித்திருக்கும்" என்றார்.

"இதை விட்டுப் போக மனம் வருமா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என் கேள்வியில் நான் எதிர்பார்த்த பதிலும் இருந்தது. பழைய கப்பலோடு மாலுமிக்கு இருக்கும் பந்தத்தைப் பற்றி ஏதாவது சொல்வார், அதை எழுதலாம் என்று நினைத்தேன்.

"அடுத்த ஒப்பந்தம் புதிய கப்பலில் கிடைக்க வேண்டும் என்று துஆக் கேட்கிறேன்" என்றார் அவர். "புதிய கப்பலில் எங்கள் அறைக்குக் குளிர்காற்று ஒழுங்காக வரும். இரும்பு இப்படித் தின்னாது. நீங்கள் இதில் ஏழு நாள் இருப்பீர்கள். நான் ஒன்பது மாதம்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்யும் என்று சொல்வது போலச் சொன்னார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்கு நகர்ந்தார். நான் வலப்பக்கம் போய் அருவியைப் பார்த்தேன். அருவியில் மனம் செல்லவில்லை. ஏனெனில், அந்த மனிதர் சொன்னதை வேறொரு குரலில், வேறொரு பாஷையில், ஏலவே நான் கேட்டிருந்தேன்.

நிந்தவூரில் எங்கள் உம்மாவின் வீடு. உம்மாவுக்கு அவருடைய உம்மா கொடுத்தது. உம்மா அதை என் தங்கைக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகிறது. பாலை மரத் தூண்கள், கலிகட் ஓடு, தடித்த சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம். பகலில் வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். நான் தெஹிவளையில் மாடிக் குடியிருப்பொன்றில் இருந்துகொண்டு, அந்த வீட்டைப் பற்றி மூன்று கவிதைகளும் ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறேன். நண்பர்கள் பாராட்டினார்கள்.

2011 ஜனவரியில் கிழக்கில் பெருவெள்ளம் வந்தது. அந்த வருடம் தங்கை வீட்டை உடைத்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாகச் சொன்னாள். நான் உடனே பஸ் ஏறினேன். வீட்டு விறாந்தையில் இருந்து நீண்ட நேரம் கதைத்தேன். பாரம்பரியம், அடையாளம், நம் முன்னோரின் கைவண்ணம் என்று கூட்டங்களில் பேசுவதையெல்லாம் பேசினேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தங்கை தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னாள்:

"காக்கா, மழ பெஞ்சா இந்த வீட்டுல பதினோரு எடத்துல ஒழுகும். எந்தெந்த எடமெண்டு எனக்குக் கண்ண மூடிக்கிட்டுச் சொல்ல ஏலும். ராவுல எழும்பிச் சட்டி வெக்கிறது நான். கறையான் தட்டுறது நான். பீலிக்குள்ள சருகு அள்ளுறது உங்க மச்சான். நீங்க வருஷத்துக்கு ரெண்டு தரம் வந்து, வடிவா இருக்கெண்டு சொல்லிட்டுப் போறீங்க. இது யார்ர வீடு காக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. கோபத்தோடு கொழும்புக்கு வந்தேன். அடுத்த வருடம் வீடு உடைக்கப்பட்டது. அதைப் பற்றியும் எழுதினேன். அந்தக் கட்டுரையில் தங்கையைப் பெயர் சொல்லாமல், நவீனத்தின் மோகத்தில் வேரை அறுப்பவர்களில் ஒருத்தியாக ஆக்கியிருந்தேன். அவள் அதை வாசித்தாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. வாசித்திருப்பாள். எங்கள் வீட்டில் வாசிக்கும் பழக்கம் உம்மாவிடமிருந்து அவளுக்குத்தான் அதிகம் வந்தது.

இனி, அவளுடைய கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

பழையதை நேசிப்பது தவறு என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு பொய். அந்தக் கப்பலின் வளைவு உண்மையாகவே அழகாக இருந்தது. உம்மாவின் வீட்டின் குளிர்ச்சி உண்மையானது. உழைக்காமல் அனுபவிக்கும் மகிழ்ச்சியெல்லாம் பாவம் என்றால், தாயின் மடியில் தூங்கும் குழந்தையும் குற்றவாளிதான். உலகில் நாம் அனுபவிப்பவற்றில் பெரும்பாலானவை வேறு யாரோ சுரண்டிப் பூச்சுப் பூசி வைத்தவை. அதற்கு நன்றியாக இருக்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை.

என் தவறு ரசித்ததில் இல்லை. என் ரசனையை இன்னொருவர் மீது கடமையாகச் சுமத்தியதில் இருந்தது. "எனக்காக நீ ஒழுக்கைத் தாங்கு" என்பதுதான் நான் அன்று விறாந்தையில் இருந்து பேசிய பேச்சின் சாரம். அதைப் பாரம்பரியம் என்ற நல்ல சொல்லால் போர்த்தியிருந்தேன். பழைய கப்பல் ஓடவேண்டும் என்று ஏழு நாள் பயணி விரும்பலாம். ஆனால் ஓடவேண்டுமா என்ற தீர்மானத்தில் ஒன்பது மாதக்காரனின் குரல் அவனுடைய குரலிலும் கனமாக இருக்க வேண்டும்.

கப்பல் உலகம் இதை ஒருவகையில் சட்டமாகவே எழுதியிருக்கிறது. எரியக்கூடிய பொருட்களால் உட்புறம் அமைக்கப்பட்ட பழைய பயணிகள் கப்பல்கள் 2010 ஒக்டோபருக்குப் பிறகு சர்வதேசக் கடலில் ஓடக்கூடாது என்று கடற்பாதுகாப்பு விதிகள் சொல்லின. மரப்பலகை பதித்த எத்தனையோ அழகிய கப்பல்கள் அதனால் உடைப்புக்குப் போயின. ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் நடுக்கடலில் தீப்பிடிக்கும்போது கீழ்த்தளத்தில் தூங்குகிறவன் யார் என்று நினைத்தால், அந்த விதியைக் குறைசொல்ல வாய் வராது. நோர்வே அரசும், நான் போன அந்த உலக மரபுரிமைக் கடற்கழிகளுக்குள் புகை கக்கும் பயணிகள் கப்பல்கள் வரக்கூடாது என்று படிப்படியாக விதி செய்கிறது. நான் ரசித்த காட்சிக்கு மேலே என் கப்பலின் புகையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உடைப்பதிலும் இதே கேள்வி இருக்கிறது. குஜராத்தின் அலங், பங்களாதேஷின் சிட்டகொங், பாகிஸ்தானின் கடானி ஆகிய கரைகளில் வற்றுக்காலத்துச் சேற்றில் ஏற்றப்படும் கப்பல்களை, போதிய பாதுகாப்பின்றி மனிதர்கள் வெட்டி எடுத்தார்கள், பலர் இறந்தார்கள். கப்பலின் கடைசிக் காலத்தைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள், அதை வெட்டியவனின் கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. கப்பல் உடைப்பைப் பாதுகாப்பாகச் செய்வதற்கான ஹொங்கொங் சமவாயம் 2009 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டும், 2025 ஜூனில்தான் நடைமுறைக்கு வந்தது. அதாவது 'ஸ்டொக்ஹோம்' தன் கடைசிப் பயணம் போன அதே காலத்தில்.

அப்படியானால் பழையது எல்லாவற்றையும் உடைத்துவிடலாமா? இதையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஜெனோவாவை நினைத்துப் பார்க்கிறேன். தன் பிள்ளையைக் கொன்ற கப்பல் என்று அந்த ஊர் அதைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கலாம். வெட்டியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். மாறாக, அந்த ஊரின் தொழிலாளர்கள் அதற்குப் புதிய உடம்பைக் கொடுத்தார்கள். இலாபத்துக்காகத்தான், சந்தேகமில்லை. ஆனாலும், பகையாக வந்ததைப் பழுதுபார்த்து அனுப்பிய கைகள் அவை. அந்தக் கப்பல் எழுபது வருடங்களுக்கு மேல் ஓடியதற்குக் காரணம் அதை ரசித்தவர்கள் அல்ல. ஒவ்வொரு முறையும் அதைத் திருத்துவதற்கு யாரோ ஒருவர் முன்வந்தார்கள். அதற்குரிய செலவை யாரோ ஒருவர் கொடுத்தார்கள். 2020 இல் பெருந்தொற்று வந்தது, பயணங்கள் நின்றன, கொடுப்பதற்கு யாருமில்லாமல் போனார்கள். ஐந்து வருடத்தில் கப்பல் முடிந்துபோனது.

ஆகவே நான் வந்து நிற்கும் இடம் இதுதான். ஒரு பழைய பொருள் அதே பொருளாக நீடிக்கிறதா என்பதைப் பலகையை எண்ணித் தீர்மானிக்க முடியாது. அதைக் கவனிக்கும் கைகளின் தொடர்ச்சியில்தான் அது நீடிக்கிறது. பழைய சின்னக் கப்பலில் நாம் உணரும் வசீகரம், பெரும்பாலும், அந்தக் கைகளின் தடம். பித்தளை விளிம்பில் தடித்துப் போன பூச்சு என்பது ஐம்பது வருடத்துக் காலைகள். அதைப் பார்த்து உருகுகிறவன் இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும். ஒன்று, தன்னால் முடிந்த ஒரு பங்கை அந்தக் கைகளோடு சேர்க்க வேண்டும், காசாலோ உடம்பாலோ. அல்லது, அவர்கள் போதும் என்று சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு வழிவிட வேண்டும். மூன்றாவதாக நான் தெரிவு செய்த வழி, சட்டியும் வைக்காமல் உடைக்கவும் விடாமல் கட்டுரை எழுதுவது. அது நேசமல்ல.

தங்கை கேட்டபோது எனக்கு ஓய்வூதியத்துக்கு முந்திய நல்ல சம்பளம் இருந்தது. கூரையை மாற்ற ஓர் ஓடாவியை அமர்த்தி, வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளத்தை நான் கொடுத்திருந்தால் அந்த வீடு ஒருவேளை இன்னும் இருந்திருக்கும். அவள் புதிய வீட்டைக் கேட்கவில்லை; ஒழுகாத வீட்டைத்தான் கேட்டாள். இதை விளங்கிக்கொள்ள நான் நோர்வே வரை போகவேண்டியிருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டை உலுக்கியது. மழை விட்டபின் தங்கைக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாரும் சுகம் என்றாள். பிறகு, பதின்மூன்று வயதான கொங்கிறீற் தட்டில் வெடிப்பு விட்டு, மூலையால் தண்ணீர் இறங்குகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். "புதுசும் பழசாகிட்டு காக்கா" என்றாள்.

அடுத்த கிழமை போனேன். மச்சானும் நானும் தட்டில் ஏறி, வெடிப்பைச் சுரண்டி, தூசு தட்டிச் சீமெந்துக் கலவையை அடைத்தோம். எழுபதை நெருங்கும் கைகளால் நேர்த்தியாக வேலை செய்ய முடியவில்லை. பின்னால் மேசன் ஒருவர் வந்து நான் அடைத்ததைக் கழற்றிவிட்டுத் திரும்ப அடைத்தார். அவருக்குரிய கூலியை நான் கொடுத்தேன். பின்பக்கக் குசினியில் பழைய வீட்டின் பாலைத் தூண் ஒன்று கூரையைத் தாங்கி நிற்பதை அன்றுதான் கண்டேன். வெட்டி எறியாமல் அதை வைத்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு காலமும் அந்த வீட்டின் குசினிக்குள் நான் போயிருக்கவில்லை.

அவளிடம் அந்தப் பழைய கட்டுரையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் தந்துவிட்டு, "கைய நல்லாக் கழுவுங்க காக்கா, சீமெந்து அரிக்கும்" என்றாள்.